பேரீச்சை மரத்துக்கு எட்டுக் கோடு

அண்ணாச்சி,

இன்று காலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பேக்கரியில் அடுப்பைத் திறந்தார்கள். வாழைத்தார் ஏற்றிய வண்டிக்கு வழிவிட்டு நான் ஓரமாக நின்றிருந்தேன். ரொட்டி வெந்த வாசம் தெருவுக்கு வந்தது. என்னோடு நின்றவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்துவிட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை. உங்கள் குரல் காதில் கேட்டது. "வே, ரொட்டிக்காரரே, கதை பாதியில நிக்கி."

நீங்கள் போய் இருபத்தைந்து நாள் ஆகிறது. உங்கள் மகள் போனில் சொன்னபோது சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பேச வேண்டியதை இன்றுதான் பேசுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "மாமா, மெதுவாச் சொல்லுங்க, கை வலிக்குது" என்கிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை காதில் விழுந்தது என்னை விட்டுப் போகாது என்பதும் தெரியும்.

அப்போது அரபு நாட்டில், ராஸ் அல் கைமாவில் இரானி முதலாளியின் ரொட்டிக் கடையில் நான் அடுப்படி ஆள். மாவை வட்டமாகத் தட்டி, மெத்தைத் திண்டில் விரித்து, மண் அடுப்பின் உள்சுவரில் அறைந்து ஒட்டுவேன். வெந்ததும் கொக்கிக் கம்பியால் இழுப்பேன். பிறகு சைக்கிளில் கட்டிக்கொண்டு நானே கொடுக்கவும் போவேன். யாருக்கு எத்தனை என்று நினைவு வைக்க எனக்குச் சுவர் வேண்டியதில்லை. நான் இல்லாத நாளில் இரானி தடுமாறக்கூடாது என்றுதான் அடுப்புக்குப் பக்கத்து வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் போட்டு வைத்தேன். பள்ளிவாசலுக்கு ஒரு பிறை. கராஜுக்கு ஒரு சக்கரம். கல்லுடைக்கிற கேம்புக்கு ஒரு மலை. தோட்டத்துக்கு ஒரு பேரீச்சை மரம். பக்கத்தில் எத்தனை ரொட்டியோ அத்தனை கோடு. அந்தச் சுவரைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. படித்தவன் நோட்டுப் போட்டு எழுதுவதை நான் படம் போட்டு எழுதிவிட்டேன் என்ற கர்வம்.

அந்த மலைக்குக் கீழே இருந்த கேம்பில்தான் நீங்கள் இருந்தீர்கள். முதல் நாளே என் சைக்கிளை மறித்தீர்கள்.

"என்னவே, ரொட்டி காத்துவாங்குன பாய் மாதிரி உப்பிக் கெடக்கு? எங்க ஊர்னா இத மரத்துல கட்டிக் கடலுக்குப் போயிருவோம்."

"உப்பலன்னா அது ரொட்டி இல்ல அண்ணாச்சி, ஓலைத்தடுக்கு."

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் யாராக இருந்தாலும் எங்களுக்கு அண்ணாச்சிதான். வயதில் நீங்கள் ஒரு வருடம் மூத்திருப்பீர்களோ என்னவோ. இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது, இரண்டு பேருக்கும் முட்டி வலி. அதனால் பேச நிறைய இருந்தது.

ஒருநாள் உங்கள் கம்பெனி படுத்துவிட்டது. பாஸ்போர்ட் எல்லாம் விசா கொடுத்த அரபி, அந்தக் கபீல் கையில், கபீல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. விசா முடிந்தது. உங்கள் ரூம்காரர்கள் ஒவ்வொருவராக எப்படியோ அலைந்து ஊருக்குப் போனார்கள். நீங்கள் போகவில்லை. மகள் நர்ஸ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. "அவ வெள்ள உடுப்புப் போடுத வரைக்கும் இங்கனயே கெடக்கேன்" என்றீர்கள். காகிதம் இல்லாமல் ஒளிந்து வேலை பார்ப்பவனை அங்கே கல்லிவல்லி என்பார்கள். நீங்கள் கல்லிவல்லி ஆனீர்கள். முதலில் ஒரு தக்காளித் தோட்டம். அங்கே சோதனை வருகிறது என்று கேள்விப்பட்டதும், நான்தான் உங்களைப் பேரீச்சைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே காவலுக்கு இருந்த பட்டாணியர், கான் பாய், நான் தினமும் ரொட்டி கொடுக்கிற ஆள். மோட்டார் ரூமில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுத்தார். அன்று வரை சுவரில் பேரீச்சை மரத்துக்கு நாலு கோடு. நீங்கள் வந்த மறுநாள் எட்டுக் கோடு.

அந்த நாட்டில் வெள்ளிக்கிழமைதான் லீவு. உங்கள் கிறிஸ்தவ ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் வெள்ளிக்கிழமையே வைத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் வருவீர்கள். இப்போது பஸ் ஏறினால் வழியில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். கடை தொழுகை நேரத்துக்கு மூடியதும் நான் ரொட்டியோடு வருவேன்.

"பூசை இல்லாட்டியும் பிரசங்கம் உண்டும்வே. நீரு உக்காரும். வேற ஆள் எனக்கு யாரு இருக்கா?"

அப்படித்தான் அந்த ஆயரின் கதை தொடங்கியது. போலிகார்ப்பு என்பது அவர் பெயர். உங்கள் தகப்பனாருக்கும் அதே பெயர், அதனால் சின்ன வயதிலேயே உங்களுக்குக் கதை முழுவதும் பாடம். துருக்கிப் பக்கத்தில் ஸ்மிர்னா என்ற துறைமுகத்தில் அவர் ஆயர், சாமியார்களுக்கெல்லாம் பெரியவர். இயேசுவோடு கூட நடந்த யோவானின் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர். "பொஸ்தகத்துல படிக்கல வே. உம்மள மாதிரி, காதால கேட்டவரு" என்று நீங்கள் சொன்னதும் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நான் கும்பிடுகிற சாமி வேறு. அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை, பேச வேண்டியும் வரவில்லை.

"கிழவனாரை எதுக்குப் பிடிக்கிறாங்க?"

"ராசாவ சாமின்னு சொல்லணும், ஒரு கிள்ளு சாம்பிராணி எடுத்து நெருப்புல போடணும். மாட்டேன்னுட்டாரு."

"ஒரு கிள்ளுதானே அண்ணாச்சி. போட்டுட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதானே?"

"ஒரு கிள்ளுதான். மூட்ட மூட்டயாக் கேட்டா இல்லன்னு சொல்லிறலாம் வே. ஒரு கிள்ளு கேக்கும்போது சொல்லுததுதான் கஷ்டம்."

ஊர்க்காரர்கள் அவரைக் கெஞ்சி ஒரு தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார்கள். தேடுகிறவர்கள் பக்கத்தில் வந்ததும் இன்னொரு தோட்டத்துக்கு. அங்கே ஒருநாள் தலையணை தீப்பிடித்து எரிகிற மாதிரி கனவு. எழுந்து உட்கார்ந்து, "என்னய உசுரோட எரிக்கப்போறாவ" என்று சாதாரணமாகச் சொன்னாராம். இதைக் கேட்டபோது கான் பாய் கொடுத்த தலையணையைப் பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம்.

கடைசி வெள்ளியன்று வேலைக்காரன் கதை. ஆயர் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்பதை அவர் வீட்டு வேலைக்காரன் சொல்லிக் கொடுத்துவிட்டான். எனக்கு வந்தது கோபம்.

"சோறு போட்ட ஆளையா? அவன் வெளங்குவானா?"

"கட்டி வச்சு அடிச்சாவ வே."

"அடிச்சா? செத்தாலும் வாயத் தொறக்கக்கூடாது. நானா இருந்தா தொறக்க மாட்டேன்."

நீங்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கதையை நகர்த்தினீர்கள். சாயங்காலம் ஆயுதத்தோடு ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். ஆயர் மாடியில் இருந்தார். பின்பக்கமாகப் போயிருக்கலாம். போகவில்லை. இறங்கி வந்து அவர்களைப் பார்த்தார், வீட்டாரைக் கூப்பிட்டு, இவர்களுக்குச் சாப்பாடு வையுங்கள், வேண்டியமட்டும் சாப்பிடட்டும் என்றார். எனக்கு ஜெபம் பண்ண ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

"கொடுத்தாங்களா?"

"அடுத்த வெள்ளி சொல்லுதேன்."

அடுத்த வெள்ளி வரவில்லை. திங்கட்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார். சாதாரண சட்டை, கையில் சாவிக் கொத்து. இரண்டு ரொட்டி வாங்கி அங்கேயே நின்று பிய்த்துத் தின்றார். சுவரைப் பார்த்து, என்ன பாய் இதெல்லாம், சின்னப் பிள்ளை கிறுக்கியதா என்று இந்தியில் கேட்டார். கிறுக்கல் என்று சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொன்றாக விளக்கினேன். இது பள்ளிவாசல். இது கராஜ். இது கான் இருக்கிற தோட்டம்.

அவர் கோடுகளை எண்ணினார். "கான் ஒரே ஆள்தானே அங்கே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவர் சோதனைக்கு வந்த ஆள் என்று. "கான் நல்லா சாப்பிடுவார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையைத் தட்டிவிட்டுப் போனார். யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை, அண்ணாச்சி. ஒரு அடி விழவில்லை. என் சுவரை ஒருவர் கேலி செய்தார், அவ்வளவுதான்.

அடுப்பை இரானியிடம் விட்டுவிட்டு வெயிலில் சைக்கிளை மிதித்து வந்தேன். நீங்கள் வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லி முடிக்கும் வரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. கான் பாய்தான் பதறினார். மலையடிவாரத்தில் அவர் ஊர்க்காரர் ஒருவரின் தோட்டம் இருக்கிறது, யல்லா, இருட்டுவதற்குள் கிளம்பு என்றார்.

"மொதல்ல ஒரு தோட்டம். அப்புறம் ஒரு தோட்டம். மூணாவது தோட்டம் கதையில இல்லயே வே" என்றீர்கள்.

"வெளையாடாதீங்க. மக படிப்ப நெனச்சுப் பாருங்க."

"அதத்தான் நெனைக்கேன். நான் போயிருதேன்னு வையும். நாளைக்கு வந்து, அந்த எட்டுக் கோட்டுக்கு யாருவே பதில் சொல்லுவா? கானா? நீரா? உமக்கு ரெண்டு புள்ள இருக்கு."

"போய் அழிச்சுடறேன்."

"அவரு எண்ணிட்டுப் போயிட்டாரு. இப்ப அழிச்சா நீரு களவாணி. விட்டுட்டா நீரு ரொட்டிக்காரரு." மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாத்தினீர்கள். "நாளைக்குக் காலையில இருவது கொண்டுவாரும்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்த இருபதை மட்டும் நான் சுவரில் போடவில்லை.

மறுநாள் முதல் அடுப்பு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் ஜீப் நின்றது. போலீஸ் உடுப்பில் இரண்டு பேர், நேற்றைய சாவிக் கொத்துக்காரர், டிரைவர். மரத்தடியில் சாக்கை விரித்து நீங்கள் அவர்களை உட்கார வைத்திருந்தீர்கள். கான் பாய் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாரும், சூடு ஆறதுக்குள்ள குடும்" என்றீர்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் வந்தது போல.

உங்களுடைய அரைகுறை இந்தியில் அவர்களிடம் சொன்னீர்கள்: ஓடமாட்டேன். இருட்டோடு கிளம்பி வந்திருப்பீர்கள், சாப்பிடுங்கள். எனக்கு ஒரு மணி நேரம் ஜெபம் பண்ண வேண்டும். சாவிக் கொத்துக்காரர் வேண்டாம் என்றார். தாடி நரைத்த போலீஸ்காரர் ரொட்டியைத் தொட்டுப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். அவருக்கு என்ன தோன்றியதோ. பசிதான் என்று நினைக்கிறேன். சுடு ரொட்டிக்கு முன்னால் பிடிவாதம் பிடித்த ஆளை நான் பார்த்ததில்லை.

நீங்கள் வாய்க்கால் ஓரமாக நின்று வாய்விட்டுப் பேர் பேராகச் சொன்னீர்கள். மகள், வீட்டுக்காரம்மா, கேம்பில் இருந்தவர்கள், கான் பாய். என் பேரும் வந்தது. பேர் தெரியாதவரையும் விடவில்லை, சாவி வச்சிருக்க அந்தத் தம்பி என்றீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத்தான் ரொட்டியைப் பிடிக்கிற கை கனத்தது.

திரும்பி வந்து நீங்களும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டீர்கள். அப்போதுதான் அவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"இவன்தானே உனக்குத் தினமும் ரொட்டி கொண்டுவந்தான்? உனக்குக் காகிதம் இல்லையென்று தெரிந்துதானே?"

என் விசா, என் இரண்டு பிள்ளைகள், எல்லாம் உங்கள் பதிலில் இருந்தது. தெரியாது என்று நீங்கள் பொய் சொல்லமாட்டீர்கள். தெரியும் என்று சொன்னால் நானும் ஜீப்பில் ஏற வேண்டியதுதான்.

நீங்கள் மென்று விழுங்கிவிட்டு, அதே அரைகுறை இந்தியில் நிதானமாகச் சொன்னீர்கள். "இவரு எல்லாருக்கும் ரொட்டி கொண்டுவாரவரு. இப்ப உங்களுக்கும் கொண்டுவந்திருக்காரு."

நரைத்த தாடிக்காரரின் வாயில் ரொட்டி இருந்தது. அதோடு சிரித்துப் புரையேறி, சாயாவைக் குடித்து நிதானப்பட்டார். "கலாஸ், போதும்" என்றார். சட்டையில் இருந்த துணுக்கைத் தட்டிவிட்டு எழுந்து, ரொட்டிக்காரன் போகட்டும், அடுப்பு ஆறிவிடும் என்றார். கான் பாயையும் உங்களோடு ஏற்றினார்கள், பிறகு அவர் முதலாளி வந்து பேசி மீட்டுவிட்டார்.

ஜீப்பில் ஏறும்போது உங்கள் கணுக்காலுக்கு மேலே படிக் கம்பி இடித்துத் தோல் உரிந்தது. வலித்திருக்கும். நீங்களோ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். இந்த மனிதருக்கு மூளை குழம்பிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். வந்து போட்ட முதல் இரண்டு ரொட்டி கருகியது.

சில வாரம் ஜெயில், பிறகு ஊர் என்று கேள்விப்பட்டேன். சுவரில் எட்டை நாலாக்க எனக்குக் கை வரவில்லை. கான் பாய் திட்டிக்கொண்டே எட்டு ரொட்டியும் வாங்கிக்கொண்டார். மிச்சத்தை ஆட்டுக்குப் போட்டிருப்பார்.

ஏழு மாதம் கழித்து, லீவில் போய்த் திரும்பிய தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கடிதம் போட்டால் எனக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் குரலாகவே அனுப்பியிருந்தீர்கள். இரானியின் டேப்பில் போட்டேன். முதலில் காற்று, ஒரு காக்கா, பிறகு உங்கள் இருமல்.

"வே, ரொட்டிக்காரரே. கதை பாதியில நிக்கி. கேளும்."

மகள் படிப்பு நிற்கவில்லை என்பதை ஒரு வரியில் சொன்னீர்கள். உப்பளத்தில் இறங்கியிருக்கிறீர்கள், வெயில் அங்கே உள்ளதுதான் என்றீர்கள். மிச்சம் எல்லாம் ஆயர். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறபோது அதிகாரிகள் நயமாகப் பேசிப் பார்த்தார்கள், ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடேன் என்று. அவர் மசியாததால் கோபத்தில் வண்டியிலிருந்து தள்ளினார்கள். முழங்காலுக்குக் கீழே உரிந்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி விறுவிறு என்று நடந்தாராம். நான் டேப்பை நிறுத்தினேன். ஜீப்பில் ஏறும்போது நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

கூட்டம் கத்துகிற மைதானத்தில் அவரை நிறுத்தினார்கள். உன் கிறிஸ்துவைத் திட்டு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். நீங்கள் அதை ஆயரின் குரலில் அல்ல, உங்கள் குரலிலேயே சொன்னீர்கள். "எண்பத்தாறு வருசம் அவருட்ட வேல பாத்தாச்சு. ஒருநாளும் எனக்கு அவரு கெடுதல் பண்ணல. இப்ப போயி எப்பிடிய்யா வைய?" ஆணி அடிக்க வந்தபோது, வேண்டாம், ஓடமாட்டேன், நின்றுகொள்கிறேன் என்றார். கட்டினார்கள். தீ வைத்தார்கள். தீ அவரைத் தொடாமல், காற்றில் விரிந்த கப்பல் பாய் மாதிரி சுற்றி வளைந்து நின்றதாம். நடுவில் அவர், அடுப்பில் ரொட்டி வேகிற மாதிரி. வாசம் வந்ததாம். பிறகு கத்தியால்தான் குத்த வேண்டியிருந்தது.

"பாயும் இருக்கு, ரொட்டியும் இருக்கு. எங்க ஊரும் உம்ம வேலையும் இருக்கு பாத்தீரா. இத உமக்குச் சொல்லாம நான் எப்பிடிவே சாவ?"

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் உள்ளே பார்த்தேன். சுவரில் ஒட்டிய ரொட்டி உப்பிக்கொண்டு வந்தது.

அதே கேசட்டின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பினேன். மதம் எனக்குத் தெரியாது, அடுப்பு தெரியும். "அண்ணாச்சி, மாவு அடுப்புல கெடக்குற வரைக்கும் அந்த வாசம் வராது. வெந்து முடிஞ்சாத்தான் வரும். வந்ததும் எடுத்துடணும், விட்டா கருகுன நாத்தம்தான். அப்ப அவரு கருகல. வெந்துட்டாரு. எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்." பிறகு, பல மாதமாக நெஞ்சில் கிடந்ததையும் கேட்டுவிட்டேன். அந்த வேலைக்காரன் என்ன ஆனான்?

அதற்கும் பதில் வந்தது. "எங்க சாமியார் வருசா வருசம் இதத்தான் வாசிக்காரு. வாசம் வந்தா வெந்துட்டுன்னு அர்த்தம்னு ஒருத்தரும் சொல்லல. நம்ம குருசடிக் கோயில்ல போன வாரம் அத சொன்னேன், ஒரு ரொட்டிக்காரரு சொன்னாருன்னு." டேப்பில் மறுபடியும் உங்கள் இருமல். "அந்த வேலைக்காரனா? அதுக்கப்புறம் அவனப் பத்திக் கதையில ஒண்ணும் இல்ல. ஆனா வந்தவங்களுக்கு அன்னைக்குச் சாப்பாடு வச்சாவள்ளா? ஆயரு கையாலயா வச்சிருப்பாரு? வீட்டு வேலைக்காரங்கதான வச்சிருப்பாங்க. அவனும் நின்னு பரிமாறியிருப்பான் வே."

அதற்குப் பிறகு நான் அந்தச் சுவரைப் பார்த்துக் கூசியதில்லை. அந்த நாட்டை விட்டு வருகிற வரை கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் மகள் நேற்று மறுபடியும் பேசினாள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டில் எல்லோரும் உட்காருவார்களாம். அப்பாவின் கேசட்டெல்லாம் பூசணம் பிடித்துப்போய்விட்டது, ஆயர் கதை முழுசாகத் தெரிந்தவர் இப்போது நீங்கள் ஒருவர்தான், வந்து சொல்ல வேண்டும் மாமா என்றாள். உங்கள் சாமியாரும் இருப்பாராம். வருகிறேன் என்றேன். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. நீங்கள் எந்த இடத்தில் இருமினீர்கள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

பேக்கரியில் சொல்லி வைத்துவிட்டேன். கிளம்புகிற அன்று முதல் அடுப்பில் இருபது ரொட்டி. எதில் தொடங்குவது என்பதையும் முடிவு செய்துவிட்டேன். நீங்கள் அவர் ஆயராக இருந்த ஊரில் தொடங்குவீர்கள். நான் அங்கே தொடங்கப்போவதில்லை. ரொட்டியை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு இப்படித் தொடங்குவேன்: அவரைப் பிடிக்க வந்தவர்களுக்குப் பசி.